ஏறும்போது கொதிக்குது... ஏறினதும் குளிருது!

“மாப்ள, செமஸ்டர் முடிஞ்சிருச்சு. கொடைக்கானல் போறோம். கார் ரெடி!”

தெருமுனை டீக்கடையில் இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் யாராவது ‘வேணாம்’ என்பார்களா? நாங்கள் நாலு பேர். ஒரே தெரு, வேற வேற காலேஜ். எடுத்த பாடம்தான் எங்கள் பட்டப்பெயர். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவன் ‘மெக்’. பேங்க் எக்ஸாம் கனவில் இருப்பவன் ‘பி.காம்’. கேமராவைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறவன் ‘விஸ்காம்’. நான் ‘ஹிஸ்டரி’.

கார் என் சித்தப்பாவுடையது. 1999 மாடல் பெட்ரோல் வண்டி. பதினஞ்சு வருஷம் தாண்டி, ஆர்.சி. புதுப்பித்து, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். அது ஒரு தப்பும் பண்ணவில்லை, பண்ணினது எல்லாம் மனுஷங்கதான்! என் சித்தப்பா பொண்ணு பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது இந்த வண்டியில்தான். அந்தப் பாப்பா இப்போது காலேஜ் போகிறாள். அதனால் சாவியைக் கையில் கொடுக்கும்போது சித்தப்பா முகத்தில் ஒரு தயக்கம்.

“மதுரைக்குள்ளயே ஓடிப் பழகின வண்டிப்பா. போன கோடையில கொஞ்சம் ஹீட் ஆச்சு. மெக்கானிக் உள்ள ஏதோ ஒண்ணைக் கழட்டிப் போட்டாரு. அப்புறம் பிரச்னை இல்ல. பாத்துப் போங்க.”

‘ஏதோ ஒண்ணு’ என்றால் என்ன? நாங்கள் யாரும் கேட்கவில்லை. மெக்கூட கேட்கவில்லை!

வத்தலக்குண்டு வரை வி.ஐ.பி.

டிசம்பர் மாச விடியற்காலை. மதுரையை விட்டுக் கிளம்பி, வத்தலக்குண்டில் டீ, வடை. வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. ஹீட் மீட்டர் முள், பாதிக்கும் கீழே பவ்யமாகப் படுத்திருந்தது. “பாத்தியா? இன்னும் எஞ்சின் சூடே ஆகல. வண்டி செம கண்டிஷன்!” என்றான் மெக். அந்த முள் அவ்வளவு கீழே கிடந்ததே ஒரு வியாதிக்கு அறிகுறி என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரியும்.

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகிற வழியில் காட்ரோடு. அங்கே வலது பக்கம் திரும்பினால் மலை தொடங்கிவிடும். அங்கிருந்து கொடைக்கானல் சுமார் 50 கிலோமீட்டர். கணக்குக்கு அது சின்ன தூரம்தான். ஆனால் அந்த 50 கிலோமீட்டருக்குள் கடல் மட்டத்திலிருந்து சில நூறு மீட்டரில் இருக்கிற சமவெளியை விட்டு, சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏறியாகணும். அடியில் சொன்னால் 7,000 அடி!

இந்த இடத்தில் ஹிஸ்டரிக்காரன் கொஞ்சம் வாயைத் திறக்கலாமா? மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். வெயிலும் காய்ச்சலும் தாங்காமல்தான் மலைக்கு ஓடினார்கள். அப்போது ரோடு ஏது? பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடைபாதை. வசதியானவர்கள் குதிரையிலோ டோலியிலோ போவார்கள். டோலியைத் தூக்குகிறவர்கள் நம்ம ஊர் கூலி ஆட்கள். மூட்டை முடிச்சும் அவர்கள் தலையில்தான். நாம் இன்று போகிற ‘லாஸ் காட் ரோடு’, அந்த வேலையைத் தொடங்கிய மேஜர் லா என்பவரின் பெயரால் வந்தது. ரோடு முழுசாகத் தயாராக அடுத்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

“அதாவது, அன்னிக்கு மனுஷன் தூக்கினான். இன்னிக்கு எஞ்சின் தூக்குது” என்றான் பி.காம். ரொம்பச் சரி. மனுஷனுக்கு மூச்சு வாங்கினால் டோலியை இறக்கி வைப்பான். எஞ்சினுக்கு மூச்சு வாங்கினால்..?

டம்டம் பாறையில் போட்டோ... ஊத்து தாண்டியதும் புகை!

ஏற ஏறத் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் கீழே போய்விட்டன. ஒரு வளைவில் மஞ்சளாறு அணை, தட்டில் ஊற்றின பால் மாதிரி தெரிந்தது. டம்டம் பாறையில் நிறுத்தினோம். எதிரே தலையாறு அருவி. எலிவால் அருவி என்பார்கள். 297 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வெள்ளைக் கோடாக இறங்குகிறது. விஸ்காம் அரை மணி நேரம் நகரவே இல்லை. குரங்குகள் எங்கள் சிப்ஸ் பாக்கெட்டை நகர்த்திக்கொண்டு போயின.

அதற்கு அப்புறம்தான் ரோடு எங்களைச் சோதிக்க ஆரம்பித்தது. நாலு பேர், பைகள், டிக்கியில் கிடார் வேறு. செகண்ட் கியர்... ஃபர்ஸ்ட் கியர்... முன்னால் ஒரு பஸ். அதை முந்தவும் முடியாது, விட்டு விலகவும் முடியாது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. காலையில் படுத்துக்கிடந்த முள் இப்போது எழுந்து உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு ஹெச் பக்கம் நடக்கவே ஆரம்பித்துவிட்டது. அதை யார் பார்த்தது? யாருமில்லை.

ஊத்து தாண்டிக் கொஞ்ச தூரம். பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி. “டேய், மூடுபனிடா!” என்று விஸ்காம் கேமராவைத் தூக்கினான். மூடுபனி நம்ம பானெட்டிலிருந்து மட்டுமா வரும்?

ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினோம். பின் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். பானெட்டைத் திறந்தால், ரேடியேட்டர் பக்கம் ‘கொள கொள’ என்று உலை கொதிக்கிற சத்தம். மெக் கர்ச்சீப்பை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியை நோக்கிப் போனான். “தண்ணி ஊத்துனா சரியாயிரும்.”

“தொறக்காத! ஏய் தம்பி, கைய எடு!”

கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒரு கேரட் லோடு லாரி பிரேக் போட்டு நின்றது. டிரைவர் அண்ணன் குதித்து ஓடிவந்து மெக்கின் கையைப் பிடித்து இழுத்தார். ஐம்பது வயசு இருக்கும். தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். பழைய தழும்பு, உள்ளங்கை அகலத்துக்கு.

“பதினெட்டு வயசுல நானும் உன்னை மாதிரிதான் தொறந்தேன். மூஞ்சிக்கு வர வேண்டியது கையோட போச்சு. வீட்ல அம்மா குக்கரைப் பிரஷர் அடங்காமத் தொறப்பாங்களா? இதுவும் குக்கர்தான்ப்பா!”

மெக் முகம் வெளுத்துவிட்டது. தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் இவன் எடுத்த மார்க் எங்கள் தெருவுக்கே தெரியும்!

ரேடியேட்டர் என்கிற குக்கர்

முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் மெக், தான் படித்ததையும் அண்ணன் சொன்னதையும் சேர்த்துக் கணக்குப் போட்டான். இதை எல்லாரும் தெரிந்துகொள்ளணும், அதனால் சுருக்கமாக...

எரிகிற பெட்ரோலின் சூட்டில் ஏறத்தாழ கால்வாசிதான் வண்டியை ஓட்டுகிற வேலைக்குப் போகிறது. மீதியில் கணிசமான பங்கைத் தண்ணீர்தான் எஞ்சினிலிருந்து வாங்கி, ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், காற்றில் விடணும். சமவெளியில் 60-ல் போகும்போது முன்னாலிருந்து காற்று அடிக்கும், ரேடியேட்டர் சொகுசாகக் குளிரும். மலையில் ஃபர்ஸ்ட் கியரில் எஞ்சின் கத்துகிறது, ஆனால் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகிறது. வேலை அதிகம், காற்று கம்மி. போதாததுக்கு, கொடைக்கானல் உயரத்தில் காற்றே அடர்த்தி குறைவு. கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்குதான்.

அடுத்தது கொதிநிலை. ‘தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்’ என்று ஆறாம் வகுப்பிலேயே மனப்பாடம் பண்ணினோமே, அது கடல் மட்டத்துக்கு. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் 1 டிகிரி குறையும். கொடைக்கானலில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரம் ஆவது அதனால்தான்.

அதைச் சமாளிக்கத்தான் ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங்கும் ரப்பரும் வைத்திருக்கிறார்கள். குக்கரின் வெயிட் மாதிரி, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. சாதாரணமாகக் கார்களில் இருக்கிற 0.9 பார் மூடி நல்ல நிலையில் இருந்தால், கொடைக்கானல் உச்சியில்கூட வெறும் தண்ணீர் சுமார் 115 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்துப்போன மூடி என்றால்? அழுத்தம் நிற்காது. 93-லேயே உலை கொதிக்க ஆரம்பித்துவிடும். நிறைய கார்களில் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பிப்பதே 90-களில்தான். அதாவது ஃபேன் கண் முழிக்கும்போதே தண்ணீர் பொங்கி முடிந்திருக்கும்!

திறக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் போயும் கொதிக்காமல் இருக்கிற தண்ணீர், மூடி திறந்த அடுத்த நொடியே ஆவியாக மாறி முகத்தில் அடிக்கும். கர்ச்சீப் அதைத் தடுக்காது.

கிளம்புவதற்கு முன் அந்த அண்ணன் ஒன்று கேட்டார். “ஹீட்டர் போட்டுப் பாத்தீங்களா?”

“ஹீட்டரா? எஞ்சினே கொதிக்குதுண்ணே!”

“அதுக்குத்தான்ப்பா. முள்ளு ஏறுறப்பவே ஏ.சி.ய நிறுத்திட்டு, கண்ணாடிய எறக்கிட்டு, ஹீட்டரை ஃபுல்லா வைக்கணும். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் அது வாங்கிக்கும். வேர்க்கும்தான். எஞ்சின் போறதுக்கு வேர்க்கிறது தேவலை. அப்ப ஹீட்டர்ல குளிர்ந்த காத்து வந்துச்சுன்னா உள்ள தண்ணி இல்லன்னு அர்த்தம். ஒரு அடிகூட ஓட்டக் கூடாது.”

பி.காம் மெல்லச் சொன்னான். “மாப்ள... டம்டம் பாறை தாண்டினதும் எனக்குக் குளிருதுன்னு ஏ.சி.ய நிறுத்தி ஹீட்டர் வச்சேன்ல? ஜில்லுன்னுதான் காத்து வந்துச்சு. அதான் திரும்ப ஏ.சி.யே போட்டுட்டேன்.”

எஞ்சின் கொதிக்குது, ஹீட்டர் குளிருது! வண்டி எங்களுக்கு முன்னாடியே தகவல் சொல்லியிருக்கிறது. எங்களுக்குத்தான் அந்த பாஷை தெரியவில்லை.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, தடித்த துணி போட்டு, மூடியை முதல் கட்டம் வரை திருப்பி, ‘உஸ்’ அடங்கின பிறகு முழுசாகத் திறந்தோம். கையில் ஐந்து லிட்டர் கேன் இருந்தது. கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை போட்டிருந்ததால் பெரிய கேனாக வாங்கியிருந்தோம். அந்தத் தடை எங்களைக் காப்பாற்றியது! கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். இரண்டு லிட்டருக்கு மேல் குடித்தது வண்டி.

ஏ.சி. இல்லை, பாட்டு இல்லை, நாலு கண்ணும் முள் மேல். பெருமாள்மலையில் ஒரு பிரேக், வெள்ளி நீர்வீழ்ச்சியில் ஒரு பிரேக் என்று ஏறி, மத்தியானம் ஊருக்குள் நுழைந்தோம்.

ஏரிக்கரையில் ஒரு ஃப்ரிட்ஜ்

சாயங்காலம் ஏரியைச் சுற்றினோம். 1863-ல் வெர் ஹென்றி லெவின்ஜ் என்கிற ஆங்கிலேய அதிகாரி அணை கட்டி உண்டாக்கிய ஏரி. சைக்கிள், குதிரை, மக்காச்சோளம், மிளகாய் பஜ்ஜி... எல்லாம் ஜோர். இருட்டினதும் குளிர் பல்லைத் தந்தியடிக்க வைத்தது. காருக்குள் ஓடி ஏறி, ஹீட்டர் ஃபுல்!

வந்தது என்னவோ, யாரோ வாயால் ஊதின மாதிரி ஒரு காற்று. இத்தனைக்கும் தண்ணீர் இப்போது நிறைய இருக்கிறது. முள்? காலையில் வத்தலக்குண்டில் பார்த்த அதே பவ்யம். பாதிக்கும் கீழே.

இந்த ஊரில் 1899-ல் சூரிய ஆராய்ச்சிக் கூடமே வைத்தார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படித்துக்கொண்டிருக்கிற ஊரில், நாங்கள் நாலு பேர் ஒரு காருக்குள் சூடு தேடிக்கொண்டிருந்தோம்!

சிரிப்பு அதோடு போச்சு. ரூமுக்குத் திரும்பும் வழியில் மூடுபனி இறங்கியது. நாலு பேர் மூச்சில் முன் கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகிவிட்டது. கண்ணாடிக்குச் சூடான காற்றை அடித்தால் ஒரு நிமிஷத்தில் தெளியும். எங்களிடம் சூடான காற்று இல்லை. பி.காம் ஓயாமல் துணியால் துடைக்க, நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஓரம் சொல்ல, மெக் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினான். திடீரென்று கண்ணாடிக்கு ரெண்டடி முன்னால் ஒரு குதிரையின் முகம்! பிரேக் பிடித்தது, நல்லவேளை.

கொடைக்கானலில் ஹீட்டர் என்பது சொகுசு இல்லை, டிரைவரின் கண். இதே கண்ணோடு மலை இறங்க முடியுமா? அந்த ராத்திரி யாரும் கிடாரை எடுக்கவில்லை. “ஹெட் கேஸ்கட் போயிருந்தா எஞ்சினையே இறக்கணும்டா” என்று மெக் சொன்னதும், எனக்குச் சித்தப்பா முகம்தான் ஞாபகம் வந்தது.

கையால் தொட்டே கண்டுபிடித்தார்!

மறுநாள் காலை மூஞ்சிக்கல் பக்கம் ஒரு சின்ன ஷெட். பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றி வருகிற ஜீப்புகளுக்கு வைத்தியம் பார்க்கிற மெக்கானிக். கம்ப்யூட்டர், ஸ்கேனர் ஒன்றும் கிடையாது. ரெண்டு கை, ஒரு டார்ச். அவ்வளவுதான்.

“தம்பி, ஹீட்டர் ரிப்பேர்னு இங்க வர்ற நிறைய வண்டில ஹீட்டர் நல்லாத்தான் இருக்கும். எஞ்சின் தண்ணிலதான் கோளாறு. ஒரே தண்ணிதானே ரெண்டுக்கும்?”

முதலில், எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். பக்கத்து ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தோம். “டப்பா நெறஞ்சிருக்கும், ரேடியேட்டர் காலியா இருக்கும். மூடி ரப்பர் போச்சுன்னா அதுல இருந்து இதுக்கு இழுக்காது” என்றார். மூடியின் ரப்பர், காய்ந்த தோசை ஓரம் மாதிரி வெடித்திருந்தது. உள்ளே தண்ணீர் டீ கலரில் இருந்தது.

“போர் தண்ணி ஊத்தியிருக்கீங்க. உப்பு. கீழ்நாட்டுல எல்லாரும் செய்றதுதான். வீட்ல சுடுதண்ணி ஹீட்டர் கம்பில வெள்ளையாப் படியுமே, அதேதான் ரேடியேட்டர் குழாய் உள்ளயும் படியும். துருவும் சேரும்.”

அடுத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸ் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. “தெர்மோஸ்டாட் வால்வு இல்லையே! யாரு கழட்டுனா?”

நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். ‘ஏதோ ஒண்ணு!’

தெர்மோஸ்டாட் என்பது ஒரு வாட்ச்மேன். எஞ்சின் 80 டிகிரியைத் தாண்டிச் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது. அதனால் நல்ல வண்டியில் மேல் ஹோஸ் கொஞ்ச நேரம் ஜில்லென்றே இருந்து, திடீரென்று சுடும். எங்கள் வண்டியில் ஆரம்பத்திலிருந்தே வெதுவெதுப்பு. வாட்ச்மேன் இல்லாத கேட்! சூடாகிற தண்ணீர் எல்லாம் அப்போதைக்கப்போதே ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்துவிட்டால், ஹீட்டருக்குச் சூடு எங்கிருந்து வரும்?

“மதுரை வெயில்ல வண்டி ஹீட் ஆனா இதைக் கழட்டி விடுறது சுலபமான வைத்தியம். ஊருக்குள்ள ஓடுற வரைக்கும் தெரியாது. ஆனா ஏன் ஹீட் ஆச்சு? ரேடியேட்டர் அடைச்சிருந்துச்சு. அதை அப்படியே விட்டுட்டாங்க. சாதா ரோட்ல எஞ்சின் சூடே ஆகாது, மலை ஏறுனா தாங்காது. காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை ஒடச்சுப் போட்ட கதைதான்!”

நான் பயந்துகொண்டே கேட்டேன். “அண்ணே... ஹெட் கேஸ்கட்?”

அவர் பதில் சொல்லவில்லை. ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் பார்த்தார். பால் காபி மாதிரி நுரை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். இல்லை. சைலன்சரைப் பார்த்தார். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை கொட்டிக்கொண்டே இருந்தால் ஆபத்து. இல்லை. திறந்த ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி வருகிறதா என்று ஐந்து நிமிஷம் குனிந்து பார்த்தார். எனக்கு அது பிராக்டிகல் எக்ஸாம் ரிசல்ட் மாதிரி இருந்தது.

“தப்பிச்சீங்க. அந்த லாரிக்காரர் நிறுத்தலைன்னா நீங்க சுடச்சுடப் பச்சைத் தண்ணிய ஊத்தியிருப்பீங்க. ஹெட்டே விட்டிருக்கும்.”

பழைய மாடல் தெர்மோஸ்டாட் மலையில் கிடைக்கவில்லை. வத்தலக்குண்டு கடைக்குப் போன் போட்டார். பஸ்ஸில் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் வந்தது. அதற்குள் பழைய தண்ணீரை இறக்கி, ரேடியேட்டரை அலசி, புது மூடி போட்டு, கூலன்ட்டும் சுத்தமான தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றினார். ஊற்றும்போது வண்டியின் மூக்கை மேட்டுப் பக்கம் நிறுத்தினார். ஹீட்டரை ஃபுல்லாக வைத்து, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டார். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று, குமிழி குமிழியாக வெளியே வந்தது. “இந்தக் காத்தை எடுக்கலைன்னா எத்தனை தண்ணி ஊத்துனாலும் ஹீட்டர் ஜில்லுன்னுதான் இருக்கும்.”

கடைசியாக ஒரு டெஸ்ட். டேஷ்போர்டுக்குப் பின்னால் போகிற ரெண்டு ஹீட்டர் ஹோஸையும் மெக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

“ஒண்ணு சுடுது. இன்னொண்ணு ஆறிப்போய் இருக்குண்ணே.”

“உள்ள போறது சூடு, வெளிய வர்றது ஆறுதல். அப்ப நடுவுல?”

“அடைப்பு!” மெக்குக்கு முதல் முறையாகப் பதில் சரியாக வந்தது.

ரெண்டு ஹோஸையும் கழற்றி, வெளியே வருகிற வழியாகத் தண்ணீரைத் திருப்பி அடித்தார். கலங்கலாகக் காவித் தண்ணீர் கொட்டியது. தெளியும்வரை அடித்தார். மறுபடி மாட்டி ஓடவிட்டார். ரெண்டு ஹோஸும் சுட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த பி.காம் கத்தினான். “டேய்! இட்லிப் பானையத் தொறந்த மாதிரி இருக்குடா!”

சாமான், கூலி எல்லாம் சேர்த்து, எங்கள் ஒரு நாள் ரூம் வாடகையை விடக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான். கிளம்பும்போது மெக் கேட்டான். “அண்ணே, லீவுக்கு உங்க ஷெட்ல பத்து நாள் வந்து நிக்கலாமா?” “வா தம்பி. ஆனா மொதல்ல மூடியத் தொடாத!” என்று சிரித்தார்.

இறங்கும்போது...

மறுநாள் விடிவதற்குள் மலை இறங்கினோம். பெருமாள்மலை வரை பஞ்சு மாதிரி மூடுபனி. ஹீட்டர் காற்று கண்ணாடியைத் துடைத்து வைத்தது. ஏறின அதே கியரில் இறங்கினோம். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் பிடிக்காது, பிரேக் சூடாகி வலு இழக்கும் என்று இப்போது எங்களுக்கே பாடம் எடுக்கிற அளவுக்கு மெக் தேறிவிட்டான். முள், அசையாமல் நட்ட நடுவில். அந்த முள்ளை அவ்வளவு ஆசையாக நான் எதையும் பார்த்ததில்லை.

டம்டம் பாறையில் மறுபடி நிறுத்தினோம். எலிவால் அருவி அப்படியேதான் இருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு பழைய கார் ஏறி வந்தது. உள்ளே நம்மைப் போல நாலு பேர், சத்தமாகப் பாட்டு. விஸ்காம் கேமராவை இறக்கிவிட்டு ஓடிப்போய்க் கையைக் காட்டினான். “பிரதர், ஹீட் மீட்டர் எங்க இருக்குன்னு பாருங்க!” அவர்கள் எங்களைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். ஆனால் டிரைவர் சீட்டில் இருந்தவன் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டு, பாட்டை நிறுத்தி, ஓரங்கட்டினான்.

மதுரையில் சித்தப்பா வாசலிலேயே நின்றார். வண்டியைச் சுற்றி வந்தார். “என்னடா ஆச்சு, ஒழுங்கா போச்சா?”

“சித்தப்பா, அந்த மெக்கானிக் கழட்டுனாருல்ல ‘ஏதோ ஒண்ணு’... அதைத் திரும்ப மாட்டிட்டோம்!”

கிளம்புறதுக்கு முன்னாடி... ஒரு செக் லிஸ்ட்!

• எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரையே திறந்து பாருங்கள். டப்பாவை மட்டும் நம்பாதீர்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புதுசு மாற்றுங்கள்.

• ஊரிலேயே ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். முள்ளும் கீழே, ஹீட்டரும் வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படுங்கள். முள் மேலே, ஹீட்டர் ஜில் என்றால் தண்ணீர் குறைவு அல்லது உள்ளே காற்று. உடனே நிறுத்துங்கள்.

• ஹீட்டர் ஹோஸ் ரெண்டும் சுடுகிறது, ஆனாலும் காற்றில் சூடில்லை என்றால் கோளாறு தண்ணீரில் இல்லை. புளோயரையோ, காற்றைத் திருப்புகிற கதவையோ பார்க்கச் சொல்லுங்கள்.

• காருக்குள் இனிப்பான வாசனை, கால்மிதியில் ஈரம், கண்ணாடியில் பிசுபிசுப்பு... இருந்தால் ஹீட்டருக்குள் கூலன்ட் ஒழுகுகிறது.

• டிராஃபிக்கில் நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

• மலையில் ரூம் கிடைக்கவில்லை என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவே தூங்காதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிரை எடுத்துவிடும்.

• கொடைக்கானல் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. கிளம்புகிற அன்று விதி என்ன என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு ஐந்து லிட்டர் கேன் தண்ணீர், ஒரு தடித்த துணி, நிறையப் பொறுமை!